அத்தையின் பெயருக்கு ஒரு விரல்

எங்கள் வீட்டில் ஒரு பெயருக்கு இரண்டு ஆட்கள் இருந்தார்கள். பெயர் அத்தையுடையது, அதாவது அப்பாவின் தங்கையுடையது. அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு தினமும் தேயிலைக் காட்டுக்குப் போனவள் என் அம்மா. நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த எனக்கு இதில் விநோதம் எதுவும் தெரியவில்லை. சில வீடுகளில் அண்ணனும் தம்பியும் ஒரே சட்டையை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வதைப் போலத்தான் அதையும் நினைத்திருந்தேன்.

நாங்கள் இருந்தது கேரளத்தில், சூரியநெல்லிக்கு மேலே ஒரு எஸ்டேட்டில், லயம் என்று சொல்லப்படுகிற வரிசை வீடுகளில் ஒன்றில். அந்த வீடு எங்களுக்கு எப்படிக் கிடைத்தது என்பதைச் சொல்லிவிட்டால் மற்றது எளிதாகப் புரியும். குடும்பத்தில் ஒருவராவது எஸ்டேட்டின் நிரந்தரத் தொழிலாளியாக இருக்க வேண்டும். இருந்தால் வீடு, இல்லாவிட்டால் காலி செய்ய வேண்டும். தாத்தா ஓய்வு பெற்றபோது அவருடைய இடம் அத்தைக்கு வந்தது. எஸ்டேட் நிரந்தரமாகச் சேர்த்துக்கொண்ட கடைசி ஆட்களில் அவளும் ஒருத்தி. அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லாரும் தற்காலிகம். தொடர்ந்து வேலை கொடுத்தால் சட்டப்படி நிரந்தரமாக்க வேண்டிவரும் என்பதால், சில மாதம் வேலை வாங்கிவிட்டுக் கொஞ்ச நாள் நிறுத்திவைப்பார்கள். பிறகு அதே ஆளைப் புது ஆள்போலக் கூப்பிடுவார்கள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அம்மா அப்படிப் பலமுறை புது ஆளாகியிருந்தாள். அப்பா, கொழுக்குமலைக்குச் சூரிய உதயம் பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு ஜீப் ஓட்டினார். வண்டி வேறொருவருடையது. எஸ்டேட்டைப் பொறுத்தவரை அவர் யாருமில்லை. ஆக, நாங்கள் எல்லாரும் அத்தையின் பெயருக்குக் கீழேதான் குடியிருந்தோம்.

ஒரு மழைக்காலத்தில் அத்தை கொழுந்துச் சாக்கோடு சரிவில் வழுக்கி விழுந்தாள். வலது தோள் பிசகியது. எஸ்டேட் ஆஸ்பத்திரியில் தடவுவதற்குக் களிம்பு கொடுத்தார்கள். கொழுந்து வெட்டும் கத்தரியை நாள் முழுவதும் தூக்கிப் பிடிக்க அந்தத் தோளால் அதன்பிறகு முடியவில்லை. சின்னக்கானலில் ஒரு ரிசார்ட்டில் அறைகளைப் பெருக்கித் துடைக்கும் வேலை வந்தது, அதற்குப் போனாள். அம்மா அப்போது நிறுத்திவைக்கப்பட்டிருந்தாள். ஒரு திங்கட்கிழமை அவள் அத்தையின் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு மஸ்டருக்குப் போனாள். மஸ்டர் என்பது காலையில் பெயர் கூப்பிட்டு, யார் எந்தக் காட்டுக்கு என்று பிரித்து அனுப்புகிற இடம். அத்தையின் பெயரைக் கூப்பிட்டபோது அம்மா கை தூக்கினாள். பெண்களின் வேலையைப் பார்த்துக்கொள்ளும் கங்காணி அவளை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு அடுத்த பெயரைக் கூப்பிட்டார். அந்தத் தீபாவளிக்கு எங்கள் வீட்டுச் சேவல் ஒன்று அவர் வீட்டுக்குப் போனது. அதற்கடுத்த தீபாவளிகளுக்கும் போனது.

இந்த ஏற்பாட்டில் சங்கடங்கள் இருந்தன. அம்மாவோடு வேலை செய்த பெண்கள் பழக்கதோஷத்தில் ரேஷன் கடையிலும் அவளை அத்தையின் பெயரிட்டுக் கூப்பிட, இரண்டு பேரும் ஒன்றாகத் திரும்புவார்கள். காட்டில் அம்மா வாங்குகிற ஏச்சு அன்று மாலையே யார் மூலமாவது அத்தையின் காதுக்குப் போய்விடும். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பிப்பாள்.

“மதினி, இன்னைக்கும் எம் பேருல ஏச்சு வாங்கிட்டு வந்துருக்கீங்க போல. நான் இருந்தவரைக்கும் ஒருத்தன் என்னைய ஒரு சொல்லு சொன்னதில்ல.”

“ஏச்சு வாங்குனது நான்தான புள்ள. ஒம் பேருக்கு ஒண்ணும் ஆகல, பத்திரமாத்தான் இருக்கு” என்பாள் அம்மா.

அத்தை சிரிப்பாள். ஆனால் முழுதாகச் சிரிக்க மாட்டாள். ரிசார்ட்டில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. விருந்தாளிகளுக்கும் மேனேஜருக்கும் அவள் ‘ஹவுஸ்கீப்பிங்’. வெள்ளைத் துண்டை அன்னப்பறவை போல மடித்துக் கட்டில்மேல் வைக்க அங்கே கற்றுக்கொண்டிருந்தாள். வீட்டில் இருக்கிற பழைய துண்டுகளையும் எனக்காக அப்படி மடித்துக்காட்டுவாள். அவை அன்னம்போல இருக்காது, நனைந்த கோழிபோல இருக்கும். நான் அவளிடம் அதைச் சொன்னதில்லை.

பிறகு ஒரு வருஷம், எஸ்டேட்டுக்கு விரல் வைக்கிற மெஷின் வரப்போகிறது என்று தெரிந்தது. இனிமேல் மஸ்டரில் கை தூக்கினால் போதாது. காலையும் மாலையும் விரல் வைக்க வேண்டும். லயம் முழுவதையும் சந்தேகம் பிடித்துக்கொண்டது. ஆட்களைக் குறைத்துவிட்டு ஜார்க்கண்ட்காரர்களைக் கொண்டுவரத்தான் மெஷின் வருகிறது என்றார்கள் எங்கள் வரிசையில். ஏற்கெனவே வந்து கீழ் வரிசையில் தங்கியிருந்த ஜார்க்கண்ட்காரர்களோ, தங்களைக் கணக்கெடுத்து ஊருக்கு அனுப்பத்தான் வருகிறது என்று பயந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேரளத்தில் ஒரு ரேஷன் கார்டும், மலைக்குக் கீழே போடியில் இன்னொன்றும் இருந்தன. எங்கே விரல் கேட்டாலும் இதுவரை பெருவிரலைத்தான் கொடுத்திருக்கிறோம், எஸ்டேட்டுக்குச் சுண்டுவிரலைக் கொடுத்தால் இது வேறு ஆள் என்று மெஷின் நினைத்துக்கொள்ளும் என்று அவர் ஒரு திட்டம் வைத்திருந்தார். அதை ரகசியமாக எல்லாரிடமும் சொன்னார்.

யூனியன் கன்வீனர் வந்து விளக்கினார். அவர் சொன்னதில் ஒன்று மட்டும் எங்கள் வீட்டில் தங்கிவிட்டது. எந்தப் பெயரில் யார் விரல் ஏறுகிறதோ, அந்தப் பெயர் இனி அந்த விரலுக்குத்தான் சொந்தம். வீடும் பி.எஃப்பும் ஓய்வு பெறும்போது கிடைப்பதும் விரலோடுதான் போகும். விரல் ஏறாத பெயரை எடுத்துவிடுவார்கள். பெயர் போனால் வீடும் போகும்.

அன்று சாப்பிடும்போது அப்பா முடிவைச் சொன்னார். காட்டுக்குப் போகிறது அம்மா, ஆகவே அம்மா விரல். அத்தையின் தோள் இனிக் கத்தரி பிடிக்காது. யார் விரலாயிருந்தால் என்ன, வீடு இருந்தால் சரி. அத்தை உடனே சரி என்றாள். அவள் எதற்கும் உடனே சரி சொல்கிறவள் அல்ல. ரசத்துக்கு உப்பு போதும் என்று ஒப்புக்கொள்ளக்கூட அவளுக்கு நேரமாகும். அதனால் அந்தச் சரியை நான் நம்பவில்லை.

மெஷின் எல்லா விரலையும் ஏற்றுக்கொள்வதில்லை என்ற செய்தி பக்கத்து எஸ்டேட்டிலிருந்து வந்தது. கொழுந்து வெட்டுகிறவர்களின் கை தேயிலைக் கறை ஏறிக் கறுத்திருக்கும். கத்தரியின் பிடி உரசி உரசிப் பெருவிரல் வழவழப்பாகியிருக்கும். எங்கள் லயத்துப் பெண்கள் அந்த வாரம் முழுவதும் விரலைத் தேய்த்தார்கள். அம்மா எலுமிச்சைத் தோலால் தேய்த்தாள், தயிரில் ஊறவைத்தாள், தேங்காய் எண்ணெய் போட்டாள். குழாயடியில் பெண்கள் ஒருவர் விரலை ஒருவர் பிடித்துப் பார்த்து, ஒனக்கு ரேகை தெரியுது, எனக்குத்தான் ஒண்ணுமில்ல என்று சொல்லிக்கொண்டார்கள்.

அத்தை செய்ததை மட்டும் என்னைத் தவிர யாரும் பார்க்கவில்லை. ரிசார்ட்டில் விருந்தாளிகள் மிச்சம் வைத்துவிட்டுப் போகிற சின்ன லோஷன் குப்பிகளை அவள் எனக்குக் கொண்டுவருவாள். அந்த வாரம் ஒன்றுகூட வரவில்லை. துணிக் கொடிக்குப் பின்னால் நின்று அதைத் தன் பெருவிரலில் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் விரலை நீட்டிக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். மறுநாள் டிரங்குப் பெட்டியிலிருந்து தன் ஆதார் அட்டையை எடுத்துக் கைப்பையில் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமைக்கு ரிசார்ட்டில் லீவு கேட்டிருப்பதாக அப்பாவிடம் சொன்னாள், தலைவலி என்றாள். ஞாயிற்றுக்கிழமை வரப்போகிற தலைவலி வியாழக்கிழமையே எப்படித் தெரியும் என்று நான் யோசித்தேன். விரல் எடுக்கிற நாளும் அந்த ஞாயிறுதான்.

அம்மாவிடம் போய்ச் சொன்னேன்.

“அத்தையும் வெரலத் தேய்க்காங்கம்மா.”

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். “அவ வெரல அவ தேய்க்கா. ஒனக்கென்னட்டி” என்றாள்.

அவளுக்கு விஷயம் புரியவில்லை என்று நினைத்து, ஆதார் அட்டையையும் தலைவலியையும் சேர்த்துச் சொன்னேன். அம்மா கழுநீரை ஊற்றிவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்: லோஷன் தடவும்போது அத்தையின் முகம் எப்படி இருந்தது? எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ரிசார்ட் வண்டி வராமல் ரோட்டில் நிற்கும்போது இருக்கிற மாதிரி இருந்தது என்றேன். அம்மா அடுப்பை ஊதப் போய்விட்டாள்.

சனிக்கிழமை மாலை கங்காணி எங்கள் வீட்டுக்கு வந்தார். தீபாவளி இல்லாமல் அவர் வந்தது அதுதான் முதல்முறை. ஃபீல்டு ஆபீசர் மாறிவிட்டார், புதியவர் எதையும் கண்டுகொள்ளாமல் விடுகிற ஆள் இல்லை என்றார். காபியைக் குடித்து முடித்துவிட்டு, எழும்போது சொன்னார்:

“யாரு வெரலோ வைங்க. ஆனா ரெண்டு பேரும் ஒண்ணா வந்து நின்னுராதீங்க. என்னையும் சேத்துத் தூக்கிருவாங்க.”

நான் அத்தையைப் பார்த்தேன். அவள் துண்டு மடித்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு காலை, பனி விலகுவதற்கு முன்பே மஸ்டர் ஆபீசுக்கு முன்னால் வரிசை சேர்ந்துவிட்டது. வேலையில்லாத நாள் என்பதால் பிள்ளைகளும் வந்திருந்தோம். மெஷின் மேஜைமேல் இருந்தது. நான் எதிர்பார்த்த அளவுக்குப் பெரிதாக இல்லை. சோப்பு டப்பா போல இருந்தது. மெஷின்காரர் எறணாகுளத்திலிருந்து வந்த இளைஞர். பக்கத்தில் புது ஃபீல்டு ஆபீசர் உட்கார்ந்திருந்தார். விரல் விழுந்தால் பச்சை விளக்கு, விழாவிட்டால் சிவப்பு. ஒரே விரல் தொடர்ந்து மூன்று முறை பச்சை காட்டினால்தான் பதிவாகும்.

சிவப்புதான் அதிகம் எரிந்தது. மெஷின்காரர் ஆபீஸ் விரல்களையே பார்த்துப் பழகியவராக இருக்க வேண்டும். சேலையில் துடைக்கச் சொன்னார், ஊதச் சொன்னார், “ஒண்ணுகூடி அமர்த்து சேச்சி” என்று மலையாளத்தில் இன்னொரு தடவை அழுத்தச் சொன்னார். ஆபீசர், இவர்களெல்லாம் கையைக் கழுவிவிட்டு வரக்கூடாதா என்று சலித்துக்கொண்டார். அப்போது மேஜைக்கு முன்னால் நின்றிருந்த பெண், கையை அவர் முகத்துக்கு நேராக விரித்துக் காட்டினாள்.

“ரேகையெல்லாம் ஒங்க தேயிலதான் சார் தின்னுருச்சு. அதுகிட்டயே கேட்டு வாங்கிக்கிடுங்க.”

வரிசை சிரித்தது. ஆபீசர் சிரிக்கவில்லை. விரல் விழாதவர்கள் எல்லாரும் சுவரோரமாகப் போய் நில்லுங்கள் என்றார். சிரிப்பு அதோடு நின்றது. பக்கத்து வீட்டுக்காரரின் சுண்டுவிரல் முதல் தடவையிலேயே பச்சை காட்டியது. அவருக்கு அதில் சந்தோஷம் இல்லை. இவ்வளவு லேசாக ஏமாறுகிற மெஷினை எப்படி நம்புவது என்று முணுமுணுத்துக்கொண்டே போனார்.

அத்தை வந்திருந்தாள். தலைவலிக்காரி நல்ல சேலை கட்டிக்கொண்டு, மேஜைக்குக் கொஞ்சம் தள்ளி இருந்த குழாயடியில், கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி நின்றாள். கங்காணியும் அவளைப் பார்த்துவிட்டார். பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அத்தையின் பெயரைக் கூப்பிட்டார்கள். அம்மா போனாள். நான் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு கூடவே போனேன். மேஜையின் விளிம்பு என் நெஞ்சு உயரத்தில் இருந்ததால் விளக்கு எனக்கு நன்றாகத் தெரிந்தது. வலது பெருவிரலுக்குச் சிவப்பு. இடது பெருவிரலுக்கும் சிவப்பு. ஆள்காட்டி விரல்களுக்கும் அப்படியே. மெஷின்காரர் இடது மோதிரவிரலை வைக்கச் சொன்னார். கத்தரிப் பிடியில் அதிகம் படாத விரல் அது. பச்சை எரிந்தது. அம்மா விரலை எடுத்து மறுபடி வைத்தாள். பச்சை. மெஷின்காரர் முகம் மலர்ந்து, இன்னும் ஒரே தடவை என்றார்.

அம்மா குழாயடிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அதிக நேரம் பார்க்கவில்லை. பிறகு கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, மோதிரவிரலை வைக்காமல் வலது பெருவிரலை வைத்தாள். சிவப்பு எரிந்தது, மெஷின் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னது. மெஷின்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். விரல் மாறிவிட்டது என்று சொல்ல நான் அவள் சேலையை இழுத்தேன். அம்மா என் கையை விலக்கிவிட்டாள்.

ஆபீசர் எரிச்சலோடு அத்தையின் பெயரை உரக்கச் சொல்லி, சுவரோரம் போகும்படி கைகாட்டினார். அம்மா நகரவில்லை. குழாயடியைப் பார்த்துச் சொன்னாள்:

“ஏ புள்ள, ஒம் பேரத்தான் கூப்புடுதாங்க. வா.”

ஆபீசர் அம்மாவையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்தார். அப்படியானால் நீ யார் என்று அம்மாவிடம் கேட்டார். எல்லாம் அங்கேயே முடிந்துபோயிருக்கலாம். ஆள் மாறாட்டம் வெளியே வந்தால் அத்தையின் பெயரும் எங்கள் வீடும் மட்டுமல்ல, சேவல்களைச் சாப்பிட்டவரின் வேலையும் போகும். அதனால் அவர்தான் முந்திக்கொண்டார்.

“அண்ணன் சம்சாரம் சார். அந்தப் புள்ள வர்ற வரைக்கும் வரிசையில எடம் புடிச்சு நின்னுச்சு.”

யோசித்துப் பார்த்தால் அது முழுப் பொய்யும் அல்ல. பிறகு ஏன் விரலை வைத்தாள் என்று ஆபீசர் விடவில்லை. விவரம் பத்தாத பொம்பள சார், வைக்கச் சொன்னீங்க, வச்சிருச்சு என்றார் கங்காணி. அம்மா விவரம் பத்தாதவள் போலவே நின்றாள். வரிசையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அத்தை வந்தாள். ஆதார் அட்டையை மேஜைமேல் வைத்தாள். பெருவிரலை வைத்தாள். மூன்று முறையும் பச்சை எரிந்தது. அவள் விரலை எடுத்த பிறகும் அதை எதன்மேலும் படாமல் பிடித்துக்கொள்வது போல மார்போடு வைத்துக்கொண்டே நடந்தாள். நான் சந்தேகப்பட்டது நடந்துவிட்டது. அத்தை அம்மாவின் வேலையைப் பறித்துவிட்டாள்.

மத்தியானம் ஜீப்பிலிருந்து இறங்கிய அப்பா விஷயத்தைக் கேட்டதும், புத்தி இருக்கிறதா என்று பொதுவாகக் கேட்டார். இரண்டு பெண்களும் அதைத் தங்களுக்கென்று எடுத்துக்கொள்ளவில்லை. இனி அத்தைதான் தினமும் விரல் வைத்துவிட்டுக் காட்டுக்குப் போக வேண்டும். ரிசார்ட் வேலை போயிற்று. அம்மாவுக்கு எந்த வேலையும் இல்லை. வீடு மட்டும் இருந்தது.

ஆனால் அத்தை ஜெயித்தவள்போல நடந்துகொள்ளவில்லை. அது என் சந்தேகத்தை இன்னும் கூட்டியது. சாயங்காலம் பழைய சேலை ஒன்றைக் கிழித்துத் தோளைச் சுற்றிக் கட்டிக்கட்டிப் பார்த்தாள். அம்மா அடுப்படியில் இருந்தாள். அத்தை என்னிடம் பேசினாள், அம்மாவுக்குக் கேட்கிற குரலில்.

“ஒங்கம்மா வேணும்னேதான் செஞ்சாங்க. மோதிரவெரலுக்குப் பச்ச எரிஞ்சத நானும் பாத்தேன்.”

அம்மா மறுக்கவில்லை. “இன்னுங் கொஞ்சம் இறுக்கிக் கட்டு புள்ள. வேல செய்யும்போது நழுவும்” என்றாள்.

வேண்டுமென்றே என்றால் எதற்காக என்பதில் எங்கள் வீட்டில் இன்றைக்கும் கட்சிகள் உண்டு. அத்தையின் பெயரை அத்தைக்கே விட்டுக்கொடுத்தாள் என்பது அப்பாவின் கட்சி. கத்தரியையும் சாக்கையும் தோள் போனவள் தலையில் கட்டிவிட்டுத் தான் தப்பித்துக்கொண்டாள் என்பது அத்தையின் கட்சி. ஆனாலும் அந்தப் பெயரை விட்டுவிடேன் என்று யாராவது சொன்னால் அத்தை சண்டைக்கு வருவாள். பின்னாளில் ஒருமுறை, அந்த வாரம் விரலில் லோஷன் தடவியது எதற்கு என்று அவளிடம் கேட்டேன். தெரியவில்லை என்றாள். பெயர் கைவிட்டுப் போகிறதே, விரலாவது பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று தோன்றியதாம். நான் அதை முழுதாக நம்பினேன் என்று சொல்ல முடியாது. அம்மாவிடமும் கேட்டேன். விரல் மாறிப்போச்சு என்று மட்டும் சொன்னாள். அதை நான் கொஞ்சமும் நம்பவில்லை.

மறுநாள் காலை அத்தை தோள்கட்டோடு மஸ்டருக்குப் போன பிறகு, அம்மா என்னைப் பள்ளிக்கூடத்துக்கு விடுகிற வழியில் ரோட்டுக்குக் கூட்டிவந்தாள். பூப்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகிற ஜீப்புகள் அங்கே நிற்கும். அந்த வேலைக்கு வீடு கிடையாது, பி.எஃப் கிடையாது, சம்பளத்தோடு லீவு கிடையாது. அன்றன்றைக்கு வேலை, அன்றன்றைக்குக் கூலி. நாளைக்கு ஜீப்பில் இடம் இருக்கும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஏறிய பெண்கள் ஒருவர் மடியில் ஒருவர் இருப்பது போல நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஆள் பிடிக்கிறவர் பின்படியில் நின்றுகொண்டு, புது முகமாக இருக்கிறதே, பேர் என்ன என்று கேட்டார்.

அம்மா தன் பெயரைச் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் என் பெயருக்குப் பக்கத்தில் எழுதுகிற ஒரு சொல்லாகத்தான் எனக்கு அது தெரியும். அவள் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. அந்த ஆளுக்குக் கேட்டுவிட்டது. தலையாட்டிவிட்டு, ஏறு என்று கை காட்டினார். அம்மா ஏறவில்லை. அவரைப் பார்த்து, கொஞ்சம் நிதானமாக, அதே பெயரை மறுபடியும் சொன்னாள். பிறகுதான் ஏறினாள்.

ஜீப் வளைவில் திரும்பும்வரை நின்றுவிட்டு நான் பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன். அத்தையால் அம்மாவுக்கு இப்படியாகிவிட்டது என்ற கோபம்தான் எனக்கு அப்போது இருந்தது. முதல் தடவையே கேட்டுக்கொண்ட ஒரு ஆளிடம் அம்மா ஏன் தன் பெயரை இரண்டாவது தடவையும் சொன்னாள் என்பது எனக்குப் புரியவில்லை.